ஓட்டுக் கேட்கும் ரசிகர்களைக் கண்டால் ஊருக்கு ஏன் எரிச்சல்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் தமிழ், கடையில் பாதி மலையாளம். பிக் பாஸை இரண்டு மொழியிலும் விடாமல் பார்ப்பேன். பிடித்த போட்டியாளருக்காக 60 பேர் சேர்ந்து வாட்ஸ்அப் குழு நடத்துகிறோம். சீசன் நேரத்தில் சொந்தக்காரர்கள், கடைக்கு வருகிறவர்கள் என எல்லாருக்கும் தினமும் ஓட்டு மெசேஜ் போகும். இப்போது பழைய வாடிக்கையாளர்களே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தங்கச்சி, "உங்க கூட்டத்தைக் கண்டாலே பிடிக்கல" என்கிறாள். நாங்கள் யாருக்கு என்ன கெடுதல் செய்தோம்?

பதில்: "கடைக்கு வருகிறவர்கள்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ரீசார்ஜுக்கு எண் சொல்கிறவர் அந்த ஒரு வேலைக்காகத்தான் சொல்கிறார். ராத்திரி பத்து மணிக்கு அதே எண்ணுக்கு "மறக்காம ஓட்டுப் போடுங்க" என்று வந்தால், நம்பிக் கொடுத்ததை வேறு எதற்கோ எடுத்துக்கொண்டார்களே என்றுதான் தோன்றும். அவருக்கும் அதே போட்டியாளரைப் பிடித்திருக்கலாம். ஆனாலும் போட மாட்டார். அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் 1966-லேயே இதை விளக்கியிருக்கிறார்: தன் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமையில் யாரோ கைவைக்கிறார்கள் என்று பட்டால், மனம் வீம்புக்காவது எதிர்ப்பக்கம் போகும்.

உங்கள் பாசம் பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒருவர் பல் தேய்ப்பதையும் சண்டை போடுவதையும் தனியாக உட்கார்ந்து அழுவதையும் நூறு நாள் பார்த்தால், அவர் வீட்டு மனுஷர் போல ஆகிவிடுவார். திரையில் வருகிறவரோடு இப்படி ஒருதலையாக வளரும் உறவைப் பற்றி ஹோர்ட்டன், வோல் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1956-லேயே எழுதினார்கள். தொலைக்காட்சி பார்க்கிற எல்லாருக்கும் இது கொஞ்சமாவது உண்டு. சிக்கல் எங்கே வருகிறதென்றால், அந்த நூறு நாளை உங்கள் வாடிக்கையாளர் பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் போட்டியாளர் யாரோ ஒருவர். யாரோ ஒருவருக்காக நீங்கள் கண் சிவக்கப் பேசினால் அவர் மிரண்டுபோகிறார்.

அப்புறம், கூட்டம் சேர்ந்ததும் "நாங்கள்" வந்துவிடுகிறது. ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்த சோதனை 1970-ல் வெளியானது. எந்த ஓவியம் பிடிக்கும் என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொல்லி இரண்டு குழுவாக்கினார். அவ்வளவுதான், காசு பங்கிடச் சொன்னபோது பையன்கள் தன் குழுவுக்கே சாய்ந்தார்கள். ஓவியத்துக்கே இப்படியென்றால், நூறு நாள் பாசத்துக்கு எப்படி இருக்கும்? எதிர்ப் போட்டியாளரைத் திட்டுவதில் தொடங்கி, அவர் அம்மாவைத் திட்டுவதில் போய் நிற்கும்.

கடைசியில் கெட்ட பேர் எல்லாருக்கும் சேர்த்தே வரும். 2020 மார்ச்சில் மலையாள பிக் பாஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவரை வரவேற்க, கொரோனா கட்டுப்பாட்டையும் மீறி நெடும்பாசேரி விமான நிலையத்தில் ரசிகர்கள் கூடினார்கள். போலீஸ் வழக்குப் போட்டது. 2023 டிசம்பரில் தெலுங்கு 7-ஆவது சீசன் இறுதிப்போட்டி முடிந்த இரவு, ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோவுக்கு வெளியே அரசுப் பேருந்துகளின் கண்ணாடியை உடைத்தார்கள். உங்கள் அறுபது பேரில் ஒருவர்கூட அங்கே போயிருக்க மாட்டார். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு ரசிகர் கூட்டம் என்றால் அந்த உடைந்த கண்ணாடிதான்.

கொஞ்சம் அநியாயமும் இதில் உண்டு. பந்தாட்ட வெறியை ஊர் பெருமையாகப் பேசும். டிவி ரசிகர்களை, அதிலும் பெண்களை, வேலையில்லாதவர்கள் என்று ஒதுக்கும். அதற்காக உங்களோடு சேர்ந்து நானும் வருத்தப்படுகிறேன். ஆனால் 2022 உலகக் கோப்பையின்போது கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்குக் கட்அவுட் வைத்ததை நினைத்துப் பாருங்கள். பிரேசில் ரசிகர்கள் கோபப்படாமல் நெய்மருக்கு இன்னும் உயரமாக வைத்தார்கள். பின்னாலேயே ரொனால்டோவும் வந்தார். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதை உலகமே ரசித்தது. கரையில் நின்றவரிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கடை மூலமாகக் கிடைத்த எண்களை ஓட்டுப் பட்டியலிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதற்கும் ஒரு மெசேஜ் அனுப்பாதீர்கள், வாடிக்கையாளர் கடைக்கு வரும்போது நேரில் சொல்லுங்கள்: "அண்ணா, கேக்காம மெசேஜ் அனுப்பிட்டேன், இனி வராது." குழுவில் யாராவது எதிர்ப் போட்டியாளரின் குடும்பத்தையோ தோற்றத்தையோ இழுத்தால், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாமல் எல்லார் முன்னாலும் நிறுத்துங்கள். அட்மின் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தங்கச்சியிடம் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லத் தொடங்காதீர்கள். எந்த மெசேஜ், என்றைக்கு, அவளுக்கு உறுத்தியது என்று மட்டும் கேளுங்கள். அவள் போனில் எடுத்துக் காட்டினால், அதைக் கடைசி வரி வரை படியுங்கள்.