கேள்வி – பதில்: லூ (வடநாட்டுக் கோடையின் வறண்ட அனல்காற்று) வீசும் ஊரில் ஊழியம்

மே முதல் வாரம் தெற்கு ராஜஸ்தானில் டூங்கர்பூர் பக்கம் பணித்தளத்தில் சேருகிறேன். வயது 22. தேரிக்காட்டு வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். அங்குள்ள வெயிலுக்குத் தனியாக ஆயத்தப்பட வேண்டுமா?
— ஒரு வாலிபர், சாயர்புரம்

கட்டாயம் வேண்டும், தம்பி. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் பதிவானது. டூங்கர்பூரில் அந்த அளவுக்கு ஏறாவிட்டாலும் மே மாதத்தில் 43, 44 வரை போகும். அதைவிட முக்கியம், காற்றின் வறட்சி. சாயர்புரத்தில் வியர்வை வழிவது கண்ணுக்குத் தெரியும். அங்கே தோலுக்கு வந்ததுமே காய்ந்துவிடும். சட்டை நனையாது, சாயங்காலம் கழற்றிப் பார்த்தால் முதுகில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். “வியர்க்கவே இல்லையே” என்று தண்ணீரை மறந்துவிடுவதுதான் தெற்கிலிருந்து போகிறவர்கள் செய்யும் முதல் தவறு. தாகத்தை நம்பாமல் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சள் என்றால் சரி. அடர்ந்துவிட்டால் உடலில் நீர் குறைந்துவிட்டது.

வெயில் உடலுக்குப் பழக 7 முதல் 14 நாள் பிடிக்கும். அதற்குள் வியர்வை சீக்கிரம் சுரக்கவும் அதில் உப்புக் குறையவும் உடல் கற்றுக்கொள்ளும். முதல் நாள் வழக்கமான வெளிவேலையில் ஐந்தில் ஒரு பங்கு போதும். பிறகு நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். வந்த மறுநாளே மூத்த ஊழியருக்குச் சரியாக நடந்து காட்ட வேண்டியதில்லை. இடையில் இரண்டு வாரம் ஊருக்கு வந்து போனால், திரும்பியதும் மறுபடி படிப்படியாகவே தொடங்க வேண்டும்.

காலையில் ஜெபம், தியானம், சமையல் எல்லாம் முடித்து 11 மணிக்குக் கிராமச் சந்திப்புக்குப் போவது எங்கள் பழக்கம். அங்கே நாளை எப்படி வகுப்பது? அறையில் சூடு தாங்குமா?
— ஒரு சகோதரி, மார்த்தாண்டம்

11 மணி என்பது வீட்டுக்குள் இருக்க வேண்டிய நேரம். நான்கரைக்கு எழுந்து ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். காலையில் பலர் தண்ணீருக்கும் கூலி வேலைக்கும் பீடி இலை பறிக்கவும் போயிருப்பார்கள். அந்த நேரத்தைப் பெரியவர்களையும் நோயாளிகளையும் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். வெயில் இறங்கிய பிறகு கயிற்றுக்கட்டில் முற்றத்துக்கு வரும், அப்போதுதான் ஜனங்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். 11 முதல் 5 வரை அந்தப் பகுதி ஜனங்கள் பேசும் வாகடி மொழிப் படிப்பு, கடிதங்கள், தூக்கம். மதியம் தூங்குவது சோம்பல் என்று ஒருவரும் உங்களைக் குற்றப்படுத்த விடாதீர்கள். இரவு எட்டரை மணிக்கு முற்றத்தில் உட்கார்ந்து பேசத் தெம்பு அந்தத் தூக்கத்தில்தான் வருகிறது.

ஜன்னல்களைப் பகலில் மூடி, தடித்த துணியை நனைத்துத் தொங்கவிடுங்கள். இரவில் திறந்துவிடுங்கள். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி மட்டும் போதாது, அது சூடான காற்றையே மேலே வாரி இறைக்கும். அப்போது ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்ள வேண்டும். கூலர் வாங்கினால் அதற்கு எதிரே ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஈரக் காற்று வெளியேற வழியில்லை என்றால் அரை மணியில் அறை புழுங்கும், கூலர் பழுது என்று நினைத்துக்கொள்வீர்கள். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் காயவிடுங்கள். டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். ஜூன் கடைசியில் மழைக்காற்று வந்ததும் கூலரின் வேலை முடிந்தது.

மண்பானைக்கும் அதே சூத்திரம்தான். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருப்பது குளிரும். ஆகவே அதை மூலையில் ஒளித்து வைக்காமல், நிழலும் காற்றும் உள்ள இடத்தில் ஈர மணல்மேல் வையுங்கள். வர்ணம் பூசிய பானை குளிராது. கடினநீரால் வெளியே வெள்ளைப் படிவம் கட்டினால் நாரால் தேய்க்கலாம், சோப்பு போடக்கூடாது. ஆனால் குடிநீர் பற்றி ஓர் எச்சரிக்கை: டூங்கர்பூர் பக்கத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. காய்ச்சினால் அது போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஊர்ப் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை தெரிந்தால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். ஆர்.ஓ. வடிகட்டி அதைக் குறைக்கும்.

என் மகன் பணித்தளத்தில் வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருக்கிறானாம். தடுத்தால் விசுவாசக் குறைவு என்று சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், நாசரேத்

அம்மா, தயங்காமல் சொல்லுங்கள்: மே, ஜூனில் தண்ணீர் குடிக்காத உபவாசம் வேண்டாம். உணவை விடட்டும், தண்ணீரை விடக்கூடாது. அன்றைக்கு வெயிலில் அலையவும் கூடாது. சூரைச்செடியின்கீழ் சாகத் துணிந்து படுத்த எலியாவிடம் தூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான். வெயிலைத் தாங்குவது ஆவிக்குரிய தகுதி அல்ல. இதை ஜெபக்குழுக்களில் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம், அந்தக் கூச்சத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கக்கூடாது.

மற்ற நாட்களில் வெளியே இருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் குடிக்கட்டும். சேர்த்துவைத்து ஒரேயடியாக இரண்டு லிட்டர் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைச்சுற்றல் வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். பாதியைக் கிழித்து ஒரு தம்ளரில் போடுவது தப்பு, உப்பின் அளவு கெட்டுவிடும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். கிராமத்தில் தரும் மோரும் மாங்காய்ப் பானகமும் நல்லவை. அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் அங்கேயும் உண்டு, சொம்பில் வாய் வைக்காமல் குடித்தால் சந்தோஷப்படுவார்கள்.

“லூ லக் கயீ” (லூ தாக்கிவிட்டது) என்கிறார்களே, அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது? பையில் வெங்காயம் வைத்திருந்தால் லூ அண்டாது என்பது உண்மையா?
— ஒரு வாசகர், திசையன்விளை

வெங்காயத்தைச் சாப்பிடலாம். பையில் கிடந்து அது எதையும் தடுக்காது. தலையையும் காதையும் மூடும் ஈரத்துண்டும், தளர்ந்த முழுக்கைப் பருத்திச் சட்டையும்தான் காப்பு. பைக்கில் போகும்போது இது இன்னும் அவசியம். 44 டிகிரிக் காற்று முகத்தில் அடித்தால் குளிர்ச்சி தராது, உடம்பைச் சுடும்.

தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் நிழலில் படுக்கவைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் உளறினாலோ, வலிப்பு வந்தாலோ அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்து. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், நடந்து உழைத்த வாலிபருக்கு வியர்வையோடும் அது வரும். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி வேகமாக விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் அல்லது குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது, கொடுக்க வேண்டாம். இரண்டு பேராகவே கிராமத்துக்குப் போகச் சொல்வது இதனால்தான்: குழறத் தொடங்கியவருக்குத் தான் குழறுவது தெரியாது.