கூடையும் செய்கூலியும்

அன்புள்ள அக்கா,

பாபநாசம் பக்கத்தில் எங்கள் கிராமம். பி.காம். முடித்துவிட்டு கும்பகோணத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்றே இருக்க வேண்டும், விட்டுவிட்டேன். என் அம்மா ஒயர் கூடை அருமையாகப் பின்னுவார்கள். அதை இன்ஸ்டாகிராமில் போட்டு விற்கலாம் என்று ஆசை. நடுத்தரக் கூடைக்கு ஒயர் 210 ரூபாய் ஆகிறது. 300 ரூபாய்க்கு விற்றால் 90 ரூபாய் லாபம். அம்மா வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள், அதனால் கூலிச் செலவு கிடையாது. ஒரு கூடை முடிக்க மூன்று மதியம் ஆகும்.

கடைக்கு என்ன பெயர் வைக்கலாம்? பத்தாயிரம் ஃபாலோயர்கள் சேர்ப்பது எப்படி? ஜிஎஸ்டி எடுக்க வேண்டுமா? ‘பாரம்பரியமான, இயற்கைக்கு உகந்த கைவினைப் பொருள்’ என்று போடலாமா? கூடவே தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையும் வாங்கி விற்கலாமா? உங்கள் ஆலோசனை வேண்டும்.

க., பாபநாசம்

*

அன்புள்ள க.,

அக்கா என்று எழுதியிருக்கிறாய், நானும் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் சின்னக் கேள்விகளை முடித்துவிடுவோம். பெயர் எதை வேண்டுமானாலும் வை. வாயில் நுழைய வேண்டும், போனில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். ஜிஎஸ்டிக்கு இப்போதே பயப்படாதே. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. பெரிய விற்பனைத் தளங்களில் சேர்ந்தால் அதற்கு வேறு விதி இருந்தது. 2023 அக்டோபரிலிருந்து, மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறியவர்கள் அங்கேயும் முழுப் பதிவு இல்லாமல் ஒரு எண் மட்டும் வாங்கிக்கொண்டு விற்கலாம். பெங்களூருக்கு அனுப்பும் நாள் வந்தால் அதற்கு முன் ஒரு ஆடிட்டரைப் போய்ப் பார். சிறுதொழில் என்று அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவு இலவசம். அதற்குக் காசு கேட்பவனிடம் போகாதே.

தலையாட்டி பொம்மை வேண்டாம். அதற்கும், சுவாமிமலைச் சிலைக்கும், நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. எங்கோ அச்சில் வார்த்ததை வாங்கி வந்து அந்தப் பெயரில் விற்பது, அதைச் செய்கிறவர்கள் வயிற்றில் அடிப்பது. உன் வீட்டில் பொம்மை செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. கூடை பின்னத் தெரிந்தவர் இருக்கிறார். அதைப் பார்.

‘பாரம்பரியம்’, ‘இயற்கைக்கு உகந்தது’ இரண்டையும் அடித்துவிடு. ஒயர் பிளாஸ்டிக். நம் அம்மாக்கள் காலத்தில் வந்த பொருள். அதற்குச் சோழர் காலத்துக் கதை எதுவும் கிடையாது, தேவையும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் இங்கே பாலித்தீன் பைக்குத் தடை வந்தது. அப்போது பரணிலிருந்து ஒயர் கூடையை இறக்கித் துடைத்து எடுத்துக்கொண்டு காய் வாங்கப் போனவள் நான். பத்து வருஷம் உழைக்கும், கழுவினால் புதுசு, கைப்பிடி போனால் மாற்றலாம் என்று உள்ளதை எழுது. அதுவே போதுமான பெருமை.

சரி. இப்போது உன் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த வரிக்கு வருகிறேன். ‘அம்மா வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள், அதனால் கூலிச் செலவு கிடையாது.’

பி.காம். படித்த பெண் எழுதுகிற வரியா இது?

உங்களுக்கு நிலம் எத்தனை ‘மா’ (நம் பக்கத்து நில அளவு) என்று நீ எழுதவில்லை. நாலு மாவோ ஐந்து மாவோ வைத்திருக்கும் வீட்டில் உன் அம்மா எப்போது சும்மா இருந்தார் என்று ஒரு நாள் கூடவே இருந்து பார். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தால் அது உங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் நாற்றங்கால் வேலை. அப்புறம் நடவு ஆட்களுக்கு டீயும் சோறும். களை. மாடு இருந்தால் மாடு. சம்பா அறுப்பு முடிந்து, தை போய் மாசி பிறந்த பிறகுதான் மதியத்தில் கொஞ்சம் உட்கார முடியும். அந்த உட்காருகிற நேரத்தில்தான் கை கூடை பின்னுகிறது. ஓய்வு என்று அவருக்கு இருந்த ஒரே நேரத்தை எடுத்து அவர் உன் கையில் கொடுக்கிறார். நீ அதற்கு நேராகச் சைபர் போட்டிருக்கிறாய்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் அத்தையைப் பற்றி எழுத வேண்டும் என்று சொல்வதுதான் சரி.

அத்தை வலங்கைமானில் எங்களோடுதான் இருந்தார். கும்பகோணத்தில் ஒரு கடைக்கு ஒயர் கூடை பின்னிக் கொடுப்பார். ஒயர் கடைக்காரர் கொடுப்பார், பின்னுவதற்குக் கூலி. சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் எல்லாம் வரும் அவருக்கு. நெல்லிக்காய் முடிச்சுதான் கஷ்டம். ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு நிற்க வேண்டும், ஒன்றில் இழுப்பு குறைந்தால் அந்த வரிசையே கோணும். இடது கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் ஒயர் இழுத்து இழுத்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார். துணியில் சில நாள் பச்சைச் சாயம் ஒட்டியிருக்கும், சில நாள் ரத்தம்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது தீபாவளிக்கு முன்னால் இருபது கூடை ஆர்டர். கூடைக்கு ஐந்து ரூபாய் கூலி என்று பேச்சு. இரண்டு பெரிய சாக்கில் கட்டி, டவுன் பஸ்ஸில் ஏற்றி, நானும் அவரும் கொண்டுபோனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியிலிருந்து எழுபது ரூபாய் எடுத்துக் கொடுத்தார். நூறு அல்லவா என்றார் அத்தை. ‘வீட்ல சும்மா இருக்கிற நேரத்துல பின்றதுதானம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அத்தை ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டார். திரும்பும் பஸ்ஸில் என்னிடம், ‘முப்பது ரூவா குறையுதே, அஞ்சு ரூவா வீதம் அது எத்தனை கூடைடி?’ என்று கேட்டார். ஆறு என்றேன். ‘அப்ப ஆறு கூடையத்தான் சும்மா பின்னியிருக்கேன்’ என்றார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கடையை முடித்துவிட்டு, ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் ஏழாவதைப் பின்ன உட்கார்ந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. ஆனால் நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். 1986இல் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்ந்தேன். என் கூடையைப் பார்த்துத் தோழிகள் எல்லோரும் கேட்டார்கள். அத்தைக்கு ஒரு கடிதம் போட்டேன், ஐந்து கூடை வேண்டும் என்று. ஒயரும் அவர் காசில்தான் வாங்கியிருப்பார், நான் கேட்கவே இல்லை. ஐந்தும் வந்தன. ஆளுக்கொன்றாகக் கொடுத்து நல்ல பேர் வாங்கிக்கொண்டேன். அத்தை வீட்டில்தானே இருக்கிறார் என்று நானும் நினைத்தேன். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அந்த ஐந்துக்குக் கணக்குத் தீர்க்க இனி எனக்கு வழி இல்லை. உனக்கு வழி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

கணக்குப் போடுவோம். மூன்று மதியம் என்கிறாய். மதியத்துக்கு நாலு மணி நேரம் என்றால் ஒரு கூடைக்குப் பன்னிரண்டு மணி நேரம். உன் தொண்ணூறு ரூபாயை முழுசாக அம்மாவிடமே கொடுத்தாலும் மணிக்கு ஏழரை ரூபாய். நூறு நாள் வேலைக்கு 2024-25இல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏறத்தாழ 40. அந்தக் கணக்கில் கூடைக்குக் கூலி 480. ஒயர் 210. ஆக 690. அட்டைப்பெட்டி, டேப், படம் எடுத்து, பதில் எழுதி, பார்சல் கட்டி, கூரியர் ஆபீஸுக்குப் போய் வரும் உன் கூலி எல்லாம் சேர்த்தால் 800க்குக் குறைந்து இந்தக் கூடையை விற்கக் கூடாது. இதில் லாபம் என்று இன்னும் ஒரு பைசா வைக்கவில்லை, பார்த்துக்கொள்.

ஒயர் கூடைக்கு எண்ணூறு யார் கொடுப்பார் என்று கேட்பாய். தங்க நகை வாங்கும்போது பில்லில் செய்கூலி என்று தனியாக ஒரு வரி போடுகிறார்களே, கொடுக்கிறோமா இல்லையா? பேரம் பேசுவோம், முகத்தைச் சுளிப்போம், ஆனால் செய்கூலியே கிடையாது என்று எந்த ஆசாரியிடமும் யாரும் சொன்னதில்லை. பட்டறையில் ஆண் உட்கார்ந்து செய்தால் செய்கூலி, திண்ணையில் பெண் உட்கார்ந்து செய்தால் பொழுதுபோக்கு. இந்த வழக்கத்தை உன் கடையிலாவது நிறுத்து. உன் பில்லில் ‘ஒயர் 210, செய்கூலி 480’ என்று பிரித்தே போடு. அதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் போகட்டும்.

மூன்று நாளைக்கு ஒன்று என்றால் மாதத்துக்குப் பத்துக் கூடை. நல்லது கெட்டது, காய்ச்சல், நடவு என்று கழித்தால் ஏழு அல்லது எட்டு. உனக்கு வேண்டியது மாதத்துக்கு எட்டுப் பேர். அதற்கு எதற்குப் பத்தாயிரம் ஃபாலோயர்? முந்நூறு ரூபாய்க்குப் போட்டு, ஒரே வாரத்தில் நாற்பது ஆர்டர் வந்தால்தான் ஆபத்து. அம்மாவால் முடியாது. பக்கத்து வீட்டு அக்காவிடம் போவாய், எதிர்வீட்டுச் சித்தியிடம் போவாய். அம்மாவே தொண்ணூறுக்குப் பின்னுகிறார், உங்களுக்கு அறுபது என்பாய். வீட்ல சும்மாதானே இருக்கீங்க என்பாய். கும்பகோணத்துக் கடைக்காரர் கல்லாவில் உட்கார்ந்து சொன்னதை நீ கையில் போனை வைத்துக்கொண்டு சொல்லுவாய். அவரும் கெட்ட எண்ணத்தோடு கடை ஆரம்பித்திருக்க மாட்டார்.

ஆர்டர் பெருகினால் கூட ஆள் சேர்க்கத்தான் வேண்டும், அதைத் தப்பு என்று சொல்லவில்லை. அம்மாவுக்கு என்ன கூலியோ அதுவே மற்றவர்களுக்கும். முதல் கூலியைச் சரியாக வைத்தால்தான் அது முடியும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இதில் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். கூரியரில் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை, பெட்டி அடைக்கிற இடத்துக்கும் கணக்கு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். 35, 20, 30 அளவுள்ள பெட்டி என்றால் 4.2 கிலோ. உள்ளே இருக்கும் கூடை ஒரு கிலோகூட இருக்காது, ஆனால் 4.2 கிலோவுக்குத்தான் பில் வரும். அதனால் பெரிய கூடைக்குள் நடுத்தரம், அதற்குள் சின்னது என்று மூன்றாகச் சேர்த்து விற்கப் பார். காற்றை அனுப்புகிற காசில் இரண்டு கூடை போய்ச் சேரும். கூரியர் செலவை விலையில் ஒளிக்காமல் தனியாகச் சொல்.

படம் எடுக்கும்போது பூச்செடிக்குப் பக்கத்தில் வைத்து எடுக்காதே. அம்மாவின் கை தெரிய வேண்டும். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுவிட்டு எடு. முடிச்சு போடும்போது அருகில் போய் எடு. அடி போட்ட விதம், ஓரத்தில் ஒயர் நுனியை உள்ளே செருகி முடித்த இடம், கைப்பிடி சுற்றிய இறுக்கம், இவற்றைக் காட்டு. வேலை தெரிந்தவள் அந்த மூன்றையும்தான் முதலில் பார்ப்பாள்.

அத்தை பின்னிய கூடை ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. சமையலறையில் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருக்கிறேன். பச்சையும் வெள்ளையும். ஒரு கைப்பிடி மட்டும் நடுவில் மாற்றியது. மற்றபடி ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை.

அதே பச்சை வெள்ளையில், நெல்லிக்காய் முடிச்சில், நடுத்தர அளவில் எனக்கு ஐந்து வேண்டும். உன் அம்மாவுக்கு நெல்லிக்காய் வரும் என்றால் மட்டும். அதற்குக் கூடுதலாக எத்தனை மதியம் ஆகும் என்று அவரிடமே கேட்டு, செய்கூலியை அவர் வாயால் சொல்லச் சொல்லி, அந்தத் தொகையை எழுது. பணம் அவர் கணக்குக்கே அனுப்புகிறேன். அவருக்குத் தனியாக வங்கிக் கணக்கு இல்லையென்றால் முதலில் அதை ஆரம்பி, கடைக்குப் பெயர் அப்புறம் வைக்கலாம்.

அவசரம் ஒன்றும் இல்லை. நடவு முடியட்டும்.

அன்புடன்,
அக்கா