நிலாவெளியிலிருந்து நகரப் பாடசாலைக்கு: தரம் 1 அனுமதி பற்றி ஒரு தாயின் கேள்வி

கேள்வி: எங்கள் மகளுக்கு வரும் ஜனவரியில் ஐந்து வயது நிறைகிறது. வீடு நிலாவெளியில். பக்கத்தில் மாகாணப் பாடசாலை இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் குறைவு. திருகோணமலை நகரில், மத்திய கல்வி அமைச்சு நேரடியாக நடத்தும் ஒரு தேசிய பாடசாலையில் சேர்க்க ஆசைப்படுகிறோம். உறவினர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கச் சொல்கிறார்கள். பெற்றோர் விரும்பிய பாடசாலையைத் தெரிவு செய்ய அரசு விட்டால் எல்லாப் பாடசாலைகளும் தானாகத் திருந்தும், வெளிநாட்டில் அப்படித்தான் என்கிறார் கணவர். சரியா? நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த விலாச யோசனையைக் கைவிடுங்கள். பொய்யான ஆவணம் என்று தெரியவந்தால் பிள்ளையின் அனுமதியே ரத்தாகும். அது உங்கள் மகளுக்கு நீங்கள் செய்யும் அநியாயம்.

நேர்வழியில் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று பார்ப்போம். தரம் 1 இடங்களில் 50 வீதம் அண்மையில் வசிப்போருக்கு, 25 வீதம் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் ஏற்கெனவே அங்கே படிப்போரின் சகோதரர்களுக்கு. மிச்சம் கல்வித்துறை ஊழியர், இடமாற்றம் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் என்று போய்விடும். நீங்கள் இருவரும் அந்தப் பாடசாலையில் படிக்கவில்லை, மூத்த பிள்ளையும் அங்கே இல்லை என்றால் உங்களுக்கு உள்ளது முதல் வாசல் மட்டும். அதிலும் பாதிப் புள்ளி தூரத்துக்கு. உங்கள் வீட்டுக்கும் விண்ணப்பிக்கும் பாடசாலைக்கும் இடையில் மகள் சேரக்கூடிய ஆரம்பப் பிரிவுள்ள பாடசாலை ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். நிலாவெளியிலிருந்து உப்புவெளி வழியாக நகருக்கு வரும் ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் எத்தனை தமிழ்ப் பாடசாலைகளைத் தாண்டுகிறீர்கள் என்று ஒருமுறை பஸ்ஸில் போகும்போது எண்ணிப் பாருங்கள். வாக்காளர் இடாப்பில் கடந்த ஆண்டுகளின் பதிவையும் பார்ப்பார்கள் என்பதால், இந்த வருடம் நகரில் வாடகைக்கு வீடு எடுத்தும் பெரிய பலன் வராது.

விண்ணப்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்வி அமைச்சின் இவ்வருடச் சுற்றறிக்கையை முழுதாக வாசியுங்கள், காணி உறுதி, வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சார, தண்ணீர் பில்களை ஒழுங்காக அடுக்கி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பக்கத்துப் பாடசாலைக்கும் கட்டாயம் ஒரு விண்ணப்பம் போகட்டும். அனுமதிக்காக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அழையுங்கள்.

இனி உங்கள் கணவர் சொன்னது. பெற்றோருக்குத் தெரிவு வேண்டும் என்பதை நானும் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் தெரிவைத் திறந்துவிட்டால் மட்டும் பாடசாலை தானாகத் திருந்தாது. சிலி நாட்டில் 1981 இல் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய அரசுப் பணத்தை, பெற்றோர் தெரிந்தெடுத்த பாடசாலைக்கே, தனியாராக இருந்தாலும், கொடுத்தார்கள். தனியார் பாடசாலைகள் நேர்முகம் வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கின, மேலதிகக் கட்டணமும் வாங்கின. வசதியுள்ளவர்கள் ஒரு பக்கம், ஏழைப் பிள்ளைகள் நகரசபைப் பாடசாலைகளில் மறுபக்கம் என்று பிரிந்துபோனது. கடைசியில் 2015 இல் சட்டம் போட்டு அந்தப் பொறுக்கலையும் கட்டணத்தையும் இலாபத்தையும் நிறுத்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் பொஸ்டன் நகரின் சார்ட்டர் பாடசாலைகளில் நடந்தது வேறு. அரசுப் பணத்தில் இயங்கும் அவற்றில் கேட்பவர்கள் அதிகமானால் குலுக்கல்தான். குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், கிடைத்தவர்கள் கணிதத்தில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள்.

நம் நாட்டில் பிள்ளையைப் பொறுக்குவது விலாசமும் அப்பா அம்மாவின் பழைய பாடசாலையும். அந்த 25 வீதம் எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. நகரில் படித்தவரின் பிள்ளைக்கு நகரப் பாடசாலை பரம்பரைச் சொத்துப்போல் போய்ச் சேர்கிறது, சம்பூரிலோ குச்சவெளியிலோ பிறந்த பிள்ளை வரிசையிலேயே இல்லை. அதில் ஒரு பகுதியையாவது தூரத்துப் பிள்ளைகளுக்குக் குலுக்கலில் கொடுத்து, கூடவே பஸ் சீசனும் கொடுக்க வேண்டும். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1940களில் பாடசாலைக் கட்டணத்தை நீக்கியதோடு நிற்கவில்லை. மத்திய பாடசாலைகளைக் கிராமப் பக்கம் கொண்டுபோனார். கிராமத்துப் பெற்றோருக்குத் தெரிவு என்ற ஒன்று வந்தது அதனால்தான். இன்று தேசிய பாடசாலை என்ற பெயர்ப்பலகைக்கு முன்னால் நாம் எல்லோரும் முண்டியடிக்கிறோம்.

ஆகவே பக்கத்துப் பாடசாலையையும் ஒரு தெரிவாக எண்ணி நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். அதிபரின் அனுமதியோடு தரம் 3 பிள்ளை ஒருவரைத் தமிழ்ப் புத்தகத்தில் படம் இல்லாத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டாமல், அர்த்தம் புரிந்து வாசித்தால் தரம் 1, 2 ஆசிரியர்கள் வேலை செய்திருக்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளையின் கணிதக் கொப்பியைப் புரட்டுங்கள். சரி அடையாளம் மட்டும் வரிசையாக இருக்கிறதா, பிழையான கணக்கின் பக்கத்தில் ஆசிரியர் மறுபடி செய்து காட்டியிருக்கிறாரா? இரண்டாவதைக் கண்டால் தயங்காமல் சேருங்கள். வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் இருப்பது குறையே இல்லை. நாற்பது பேருக்கு நடுவில் உங்கள் மகள் வாய் திறக்காமலே ஒரு தவணை ஓடிவிடும், இங்கே ஓடாது. விடியற்காலையில் பாடசாலை வானில் ஏறி வெயிலில் வீடு திரும்பும் களைப்பும் இல்லை.

ஆசிரியர் பற்றாக்குறையால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார்த்தியிருக்கிறார்களா, ஆங்கிலத்துக்கு ஆள் உண்டா என்றும் கேளுங்கள். குறை இருந்தால் அது தீராத குறையல்ல. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பெற்றோருக்கு இடமுண்டு. கூட்டத்துக்குப் போங்கள், எந்தப் பாடத்துக்கு எந்தத் திகதியிலிருந்து ஆசிரியர் இல்லை என்று குறிப்பேட்டில் எழுதவையுங்கள். அந்தத் தீர்மானத்தை வலயக் கல்விப் பணிப்பாளருக்கும், பிரதியை மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கும் அனுப்புங்கள். தனியாள் முறைப்பாட்டை விட சங்கத் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம். கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம் திருகோணமலையிலேயே இருக்கிறது. பதில் வராவிட்டால் நாலைந்து பெற்றோர் சேர்ந்து நேரில் போய், கடிதத்தின் இலக்கத்தைச் சொல்லி, எந்த மேசையில் நிற்கிறது என்று கேளுங்கள்.