கடலில் நனைந்த கார் திறப்பு: கொம்பியூட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கும் கேள்வி இது: "கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். அவர் பெயரில் லீசிங்கில் எடுத்த 2015ஆம் ஆண்டு வாகன் ஆர் கார், பட்டன் ஸ்டார்ட். வாங்கும்போதே ஒரு திறப்புத்தான் தந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன் பாசிக்குடாவில் மகன் திறப்பைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கடலில் இறங்கிவிட்டான். அன்றிலிருந்து கதவு சிலநேரம் திறக்கும், சிலநேரம் திறக்காது. முந்தநாள் ஸ்டார்ட்டும் ஆகவில்லை. கராஜ்காரர் கூட்டிவந்த ஒருவர், கொம்பியூட்டரை மாற்ற வேண்டும், 140,000 ரூபாய் முடியும், காரைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும், வாகனப் பதிவுப் புத்தகத்தின் கொப்பியும் தாருங்கள் என்கிறார். என்ன செய்வது? வீட்டு முன்கதவுப் பூட்டும் மழை தொடங்கியதிலிருந்து இறுகிக் கிடக்கிறது. அதையும் மாற்ற வேண்டுமா?"

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். காரை யாரிடமும் விடாதீர்கள். புத்தகத்தின் கொப்பியையும் கொடுக்காதீர்கள். கார் உங்கள் முற்றத்தில் நாலு நாள் நின்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. கொழும்புக்குப் போன கார் என்ன ஆனது என்று இங்கிருந்து ஃபோன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்பதை பூட்டும் திறப்பும் திருத்துகிற என் கடைக்கு வந்து அழுதவர்களிடம் கேட்டிருக்கிறேன்.

இனித் திறப்புக்கு வருவோம். பட்டன் ஸ்டார்ட் கார் ஒன்றின் திறப்பு இரண்டு விதமாகக் காரோடு பேசும். கைப்பையில் இருந்தபடியே கதவைத் திறப்பதும், பட்டனை அமத்தியதும் ஸ்டார்ட் ஆவதும் உள்ளே இருக்கும் சிறிய பெற்றரியால். அந்தப் பெற்றரி செத்துப்போனாலும் காருக்கு அடையாளம் காட்டுகிற பகுதி ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தைக் கார்தான் கொடுக்கும், அதுவும் மிகக் கிட்டத்தில் மட்டும். ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். கியர் பி-யில் இருக்கட்டும். பிரேக்கை நன்றாக மிதியுங்கள். திறப்பாலேயே ஸ்டார்ட் பட்டனை அமத்தி, பட்டனில் முட்டியபடியே இரண்டு மூன்று விநாடி வைத்திருங்கள். கார் ஸ்டார்ட் ஆனால் உங்கள் திறப்பு உயிரோடு இருக்கிறது. 140,000 ரூபாய்க் கதை அந்த இடத்திலேயே முடிந்தது.

கதவு திறக்கவில்லையே, உள்ளே எப்படிப் போவது என்று கேட்பீர்கள். திறப்பின் பக்கத்தில் சின்னக் கொக்கி ஒன்று இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து இரும்புத் திறப்பு ஒன்று வரும். சாரதிப் பக்கக் கதவை அதனால் திறக்கலாம். ஹோன் விடாமல் அடிக்கவும் கூடும். பயப்படாதீர்கள், கார் ஸ்டார்ட் ஆனதும் நிற்கும். பத்து வருடம் கார் ஓடுகிறவர்களுக்கும் இந்த இரும்புத் திறப்பு உள்ளே இருப்பது தெரியாது. கண்ணாடியை உடைத்துவிட்டு என்னிடம் வந்த ஒருவருக்கு நான் அதை இழுத்துக் காட்டியபோது அவர் நின்ற நிலை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பெற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை. பழையதின் முதுகில் இலக்கம் இருக்கும், அநேகமாக சிஆர் 2032. அதில் 20 என்பது அகலம் 20 மில்லிமீற்றர், 32 என்பது தடிப்பு 3.2 மில்லிமீற்றர். கடையில் அது இல்லையென்றால் "இதுவும் அதுதான்" என்று 2025-ஐத் தருவார்கள். அகலம் ஒன்றுதான், ஆனால் தடிப்பு 2.5 மில்லிமீற்றர். தகட்டில் சரியாக முட்டாமல் ஒருநேரம் வேலை செய்யும், ஒருநேரம் செய்யாது. பெற்றரி மாற்றியும் சரிவரவில்லை, ஆகவே கொம்பியூட்டர்தான் என்று அடுத்தவன் சொல்வதற்கு அதுவே போதும்.

உங்கள் திறப்பு குடித்தது கடல்தண்ணீர் என்பதால் பெற்றரி மட்டும் மாற்றினால் காணாது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மாதக்கணக்கில் கல்லடியிலும் நாவலடியிலும் தண்ணீர் ஏறிய வீடுகளின் பூட்டுகளைக் கழற்றியவன் நான். உப்பு என்ன செய்யும் என்று அப்போதுதான் படித்தேன். அது நிற்பதே இல்லை. காய்ந்த பிறகும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து இழுத்துத் தின்றுகொண்டே இருக்கும். திறப்புக்குள் பெற்றரியும் இருந்தால் அதைவிட வேகமாகத் தின்னும். ஆகவே இன்றே கோதைத் திறந்து பெற்றரியைக் கழற்றுங்கள். இரும்புத் திறப்பு இருந்த இடத்தில் ஒரு வெட்டு இருக்கும். துணி சுற்றிய தட்டை ஸ்குரூ டிரைவரை அதில் வைத்து மெதுவாகத் திருப்பினால் கோது பிரியும். உள்ளே பச்சைப் பலகையில் பாசி பிடித்த மாதிரிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அதுதான் உப்பின் வேலை. நல்ல தண்ணீரில் அலசி, பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்து, பாமசியில் விற்கும் ஸ்பிரிட்டால் துடைத்து, நிழலில் ஒரு நாள் காயவிடுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசி ஈரத்தை எடுத்தாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும். வெயிலிலும் வைக்காதீர்கள். இரண்டு கிழமை பிந்திவிட்டது, உண்மைதான். ஆனால் இதைவிட மோசமாக வந்தவை பிழைத்திருக்கின்றன.

இனி அந்தக் கொம்பியூட்டர் கதை. எங்கள் பக்கத்தில் இது ஒரு பெரிய வியாபாரம். கராஜ்காரர் ஒருவரைக் காட்டுவார், அவர் கொழும்பில் இன்னொருவரைக் காட்டுவார், வேலை செய்கிறவன் மூன்றாவது ஆள். இந்த மூன்று பேருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். எல்லாத் திறப்பும் தொலைந்த சில கார்களில் டாஷ்போர்டுக்குள் இருக்கும் பெட்டியை, அதுதான் இந்தக் கொம்பியூட்டர், கழற்றி, அதற்குள் பதிந்திருப்பதைத் திருத்திவிட்டுத் திரும்பப் பூட்டுவோம். கழற்றிப் பூட்டுகிற வேலை அது. அதைத்தான் மாற்றுகிற வேலை என்று விற்கிறார்கள். இன்னும் கேடு, உண்மையாகவே மாற்றிவிடுவது. உங்கள் நல்ல பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு, உடைத்து விற்ற கார் ஒன்றின் பெட்டியைப் போட்டுவிடுவார்கள். கார் ஓடும். ஆறு மாதம் கழித்து ஸ்கேனர் போட்டால் அந்தக் காரின் செசி இலக்கம் ஒன்று, பெட்டி சொல்லும் இலக்கம் வேறொன்று. அந்தக் காரை விற்கப்போகும்போது யார் பதில் சொல்வது?

பழைய திறப்பு ஒன்றை வாங்கி வந்து "உங்கள் காருக்குச் சரிவரும்" என்பவர்களும் உண்டு. ஒரு காருக்குப் பதிந்த பட்டன் ஸ்டார்ட் திறப்புகளில் பல, இன்னொரு காரில் அப்படியே பதியாது. இணையத்தில் மலிவாக வாங்குவதில் வேறு சிக்கல். ஜப்பானில் ஓடிய கார்களின் ரிமோட் அநேகமாக 315 மெகாஹேர்ட்ஸை ஒட்டிய அலையில் பேசும், ஐரோப்பாவுக்குச் செய்தவை 433இல். பார்க்க அச்சாக ஒன்றாக இருக்கும், ஆனால் கார் திரும்பியும் பார்க்காது. எதுவாக இருந்தாலும் உங்கள் காரில் வேலை செய்த பிறகுதான் காசு. விலை கேட்கும்போதும் திறப்பு எவ்வளவு, வெட்டக் கூலி எவ்வளவு, புரோகிராம் செய்ய எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். பிரித்துச் சொல்ல மறுக்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

திறப்புக்குள் அடையாளம் காட்டும் சிப் இல்லாத பழைய வாகனங்களுக்கும் ஓட்டோவுக்கும் இந்தப் பேச்சு எதுவும் தேவையில்லை. திறப்பை வெட்டினால் சரி.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு: "வாங்கும்போதே ஒரு திறப்புத்தான் தந்தார்கள்." அப்படியானால் மற்றது எங்கே? ஒரு முறை வெள்ளை அக்குவா கார் ஒன்று வந்தது. கையில் இருந்தது இரண்டு திறப்பு. மெசினைச் சொருகி, காரில் எத்தனை திறப்பு பதிந்திருக்கிறது என்று பார்த்தேன், திரையில் 4 என்று காட்டியது. வாங்கி மூன்று வருடமாகிவிட்டது. வேறு இரண்டு திறப்பு எங்கோ இரண்டு பேரின் கையில் இருக்க, அந்த மனிசன் ஒவ்வொரு இரவும் காரை வாசலில் விட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்டிருக்கிறார். பெரும்பாலான கார்களில் கையில் இல்லாத திறப்புகளைப் பதிவிலிருந்து அழிக்கலாம். புதுத் திறப்பு செய்யும்போதே அதையும் கேளுங்கள், எத்தனை பதிவு என்று திரையை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். அழித்தாலும் பழைய இரும்புத் திறப்பு கதவைத் திறக்கும், எஞ்சின்தான் ஓடாது. ஆகவே காருக்குள் நகையோ பத்திரமோ வைக்கக்கூடாது.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் இதுதான். வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது, செசி இலக்கம் இருக்கிறது, நிறம்கூட இருக்கிறது. எத்தனை திறப்பு கைமாறியது என்று ஒரு வரி இல்லை. விற்பவரும் வாங்குபவரும் எழுதும் கடதாசியிலும் எழுதுவதில்லை. வீட்டை விற்றுவிட்டு அதன் திறப்பில் ஒன்றைத் தங்களிடமே வைத்துக்கொள்வது மாதிரித்தானே இது?

உங்கள் விஷயத்தில் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கார் லீசிங்கில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லீசிங் முடியும் வரைக்கும் புத்தகத்தில் பதிவு உரிமையாளராக உங்கள் கணவரின் பெயரும், முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயரும் இருக்கும். அசல் புத்தகமும் அவர்களிடம்தான், உங்களிடம் இருப்பது கொப்பி. சில கம்பனிகள் காசு விடுவிக்கும்போது இரண்டாவது திறப்பையும் வாங்கி வைத்துக்கொள்ளும். மாதத் தவணை கட்டாவிட்டால் காரை எடுத்துப்போவதற்கு அது வேண்டும். அதை வாங்குபவரிடம் வாயால் சொல்லியிருக்கலாம், சொல்லாமலும் விட்டிருக்கலாம். உங்கள் கணவர் கையெழுத்து வைத்த கடதாசிக் கட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள். ஒப்படைத்த பொருட்கள் என்று ஒரு தாள் இருந்தால் அதில் திறப்பு ஒன்று என்று இருக்கிறதா பாருங்கள். தாள் இல்லாவிட்டாலும் கிளைக்கு எழுத்தில் கேளுங்கள்: "இந்த இலக்க வாகனத்தின் இரண்டாவது திறப்பு உங்களிடம் உள்ளதா, இருந்தால் பிரதி எடுப்பதற்குத் தருவீர்களா?" வாயால் கேட்டால் தலைமையகம் என்பார்கள், தலைமையகம் கிளை என்று சொல்லும். என்னிடம் வந்த ஒருவர் இப்படி 19 நாள் அலைந்தார். திறப்பு முதல் நாள் கேட்ட அதே கிளையின் லாச்சிக்குள், அவருடைய கோப்போடு கட்டியபடி கிடந்தது. ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து, அதன் கொப்பியில் திகதியும் முத்திரையும் வாங்கியிருந்தால் அந்த அலைச்சல் வந்திருக்காது.

அந்தத் திறப்பு கிடைத்தால் உங்கள் வேலையில் பெரிய பாதி முடிந்தது. உயிருள்ள திறப்பு ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்று பதிவது சின்ன வேலை, பல கார்களில் வாசலிலேயே அரை மணித்தியாலத்தில் முடியும். எல்லாம் போன பிறகு செய்வதுதான் நாளும் காசும் தின்னும். கழுவிய திறப்பு மறுபடி வேலை செய்தாலும் இதையே சொல்வேன்: அது உயிரோடு இருக்கும் கிழமையிலேயே இரண்டாவதைச் செய்துவிடுங்கள். உப்புத் தின்ற பலகையை நம்ப முடியாது.

கார் கணவர் பெயரில் இருப்பதால் ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் உங்களிடம் சில பத்திரம் கேட்பார். புத்தகக் கொப்பி, வாகன வருமான அனுமதிப்பத்திரம், உங்கள் அடையாள அட்டை, கணவர் கையெழுத்து வைத்து அனுப்பிய கடிதம், அவருடைய கடவுச்சீட்டுக் கொப்பி. இவற்றைப் பார்த்துவிட்டு உங்களிடமே திருப்பித் தர வேண்டும். நான் கணவருக்கு ஃபோன் எடுத்தும் கதைப்பேன். இதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. கோபிக்காதீர்கள். ஒன்றுமே கேட்காமல் உங்களுக்குத் திறப்பு செய்து தருகிறவர், நாளை வேறொருவருக்கு உங்கள் காரின் திறப்பையும் அப்படியே செய்து கொடுப்பார். செய்து முடியும் வரை நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள், துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். திறப்பை இரவில் விட்டுப்போங்கள் என்றால் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

முன்கதவுக்கு வருகிறேன். பூட்டை வாங்கப் போகாதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திறப்பைப் போட்டுத் திருப்புங்கள். திறந்த நிலையில் லேசாகச் சுற்றுகிறது, சாத்தினால் மட்டும் இறுகுகிறது என்றால் பூட்டில் பிழையே இல்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கும், அல்லது பிணைச்சல் தளர்ந்து கதவு கீழே இறங்கியிருக்கும். பூட்டின் நாக்கு போய் நுழைகிற ஓட்டை இப்போது ஒரு நூல் மேலே இருக்கிறது. நாக்கின் நுனியில் கொஞ்சம் சுண்ணாம்பு தடவிச் சாத்திப் பாருங்கள், எங்கே முட்டுகிறது என்று நிலையில் அடையாளம் விழும். மேல் பிணைச்சலின் ஸ்குரூவை இறுக்கிப் பாருங்கள். சரிவராவிட்டால் தச்சரைக் கூப்பிட்டு நிலைத் தகட்டின் ஓட்டையை அந்த அளவுக்கு அரத்தால் ராவிவிடச் சொல்லுங்கள்.

திறந்து வைத்தும் இறுக்கம் என்றால் உள்ளே உப்பும் மணலும். தேங்காய் எண்ணெய் விட்டீர்களா? எங்கள் ஊரில் எல்லோரும் விடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு மணலோடு சேர்ந்து பசையாகி உள்ளே இருக்கும் சின்னப் பித்தளைக் குச்சிகளை எழும்பவிடாது. அழுக்கை இளக்கும் ஸ்பிரே ஒன்றைப் பூட்டுக்குள் அடித்து, திறப்பைப் போட்டு எடுத்து, துணியில் துடைத்து, கறுப்பு வராமல் நிற்கும் வரைக்கும் செய்யுங்கள். காய்ந்த பிறகு பென்சில் கரியைச் சுரண்டி, அந்தத் தூளைத் திறப்பின் பல்லில் தடவி நாலைந்து முறை உள்ளே விட்டெடுங்கள். நவம்பர் வருவதற்கு முன் வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.