18.5 கோடி டாலருக்கு அல்பெரென் ஷெங்கூன் தகுதியானவரா?

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் ஆடும் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி, தன் துருக்கிய சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரர்) அல்பெரென் ஷெங்கூனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 18.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரி என்பதே என் உறுதியான கருத்து. 2024 அக்டோபரில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவருக்கு வயது 22. விதிகள் அனுமதித்த உச்சத் தொகையைவிட அது குறைவுதான். அந்தப் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 19 புள்ளிகளும் 10 ரீபவுண்டுகளும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) ஏறத்தாழ 5 அசிஸ்டுகளும் (சக வீரர் புள்ளி எடுக்க உதவும் பாஸ்) எடுத்து, சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு முதன்முறையாகத் தேர்வானார். அணியும் 52 ஆட்டங்களில் வென்றது.

எண்களைவிட அவர் ஆடும் விதமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூடைக்கு முதுகு காட்டி நின்று பந்தை வாங்குவார், தோளை ஒருபுறம் அசைத்துத் தடுப்பவரை ஏமாற்றிவிட்டு மறுபுறம் திரும்புவார்; இரண்டாவது ஆள் தடுக்க ஓடிவருவதற்குள், கூடையை நோக்கிப் பாயும் சக வீரரின் கைக்குப் பந்து போய்ச் சேர்ந்திருக்கும். பெரும்பாலான அணிகளில், ஆட்டத்தை வழிநடத்தும் பாயிண்ட் கார்டு செய்யும் இந்த வேலையை ஒரு சென்டர் செய்வது அரிது. அந்தத் தொகை அதற்குத்தான்.

குறைகளும் உண்டு. அதே பருவத்தில் தொலைவிலிருந்து அவர் எறிந்த மூன்று புள்ளி எறிதல்களில் கால் பங்குகூட விழவில்லை; எதிரணியின் தவறுக்காக, தடுப்பவர் இல்லாமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவும் 70 சதவீதத்தைத் தொடவில்லை. நெருக்கமான ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் இது அணிக்கு வலிக்கும், ஆகவே முதலில் சரிசெய்ய வேண்டியது ஃப்ரீ த்ரோவைத்தான்.