நல்லவரா, கெட்டவரா? – கேள்வி பதில்

(பதில் சொல்பவர் கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வுபெற்றவர்.)

கேள்வி: என் மாமனார் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுவார். ஊரில் யாருக்குத் துன்பம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். வீட்டிலோ மாமியாரிடம் ஒரு நல்ல வார்த்தை கிடையாது. இவர் நல்லவரா, கெட்டவரா?

பதில்: இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று உங்களை யார் கேட்டார்கள்? கட்டிய கட்டணமும் உண்மை, பேசிய சுடுசொல்லும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது. பக்கம் சாயத்தான் வேண்டும் என்றால் நான் மாமியார் பக்கம். மாமனார் புகழ் பாட ஊரே இருக்கிறது. அந்த அம்மாளுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

கேள்வி: ‘குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்’ என்கிறாரே வள்ளுவர். கூட்டிக் கழித்தால் கணக்கு வந்துவிடாதா?

பதில்: மேடைதோறும் இந்தக் குறளைத் தனியே பிய்த்தெடுத்துப் பேசிப் பழகிவிட்டோம். இது 504-ஆம் குறள். பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வருகிறது. அரசன் பணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் இடம் அது. ஒருவர் ஒரு பொறுப்புக்குத் தகுவாரா என்று பார்க்கும் கணக்கை, அவர் பிறவிக்கே மதிப்பெண் போட எடுத்துக்கொள்கிறோம். அடுத்த அதிகாரத்தில் ‘இதனை இதனால் இவன்முடிக்கும்’ என்று வேலையையும் ஆளையும் சேர்த்தே பேசுகிறார். கடன் கொடுக்கப் போகிறீர்களா? வாங்கியதை இதுவரை எப்படித் திருப்பினார் என்று விசாரியுங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறாரா என்பது அதற்கு உதவாது.

கேள்வி: முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்கிறார் என் நண்பர்.

பதில்: அவருக்குக் கடன் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: என் மகன் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்தபோது மூன்று பேர் பார்த்துக்கொண்டே போய்விட்டார்கள். இவர்களெல்லாம் மனிதர்களா?

பதில்: தாயின் கோபம், தவறு சொல்ல மாட்டேன். ஆனால் 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்களை, பேச்சு நிகழ்த்துவதற்காக அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடந்தார். அவர் ஆய்வாளர்கள் அமர்த்திய ஆள். அவசரமில்லாமல் போனவர்களில் 63 விழுக்காட்டினர் உதவ நின்றார்கள். ‘நேரமாகிவிட்டது, ஓடுங்கள்’ என்று விரட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான். சிலர் பேசப் போன தலைப்பே, அடிபட்டவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதை! அதனாலும் பெரிய வேறுபாடு வரவில்லை. அந்த மூவர் செய்தது தவறுதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தை வைத்து அவர்கள் குணத்தை எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: நீங்கள் யாரையாவது தவறாக எடைபோட்டதுண்டா?

பதில்: ஆண்டுக்கணக்கில். ஒரு நல்ல குணம் கண்ணில் பட்டால் மற்றவையும் நல்லவையாகத் தோன்றும். இதை ‘ஒளிவட்ட விளைவு’ என்போம். ராணுவ அதிகாரிகளுக்கு மேலதிகாரிகள் இட்ட மதிப்பீடுகளில் அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் இதைக் கண்டு 1920-இல் எழுதினார். அதை வகுப்பில் விளக்கிவிட்டு வீட்டுக்கு வந்து விடைத்தாள் திருத்துவேன். முத்து முத்தான கையெழுத்து என்றால் இரண்டு மதிப்பெண் கூடவே விழும். ஒருமுறை, என்னிடம் குறைந்த மதிப்பெண் வாங்கிய மாணவி தன் விடைத்தாளையும் தோழியின் தாளையும் மேசையில் வைத்து, “ஒரே விடைதானே ஐயா?” என்றாள். என் கண் முதலில் போனது தோழியின் கையெழுத்தின் மேல்தான்.