முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

கேள்வி: வயது 34. ஐ.டி. வேலை. போன வருடம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், 2020 மாடல். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நண்பர்களோடு ஈ.சி.ஆரில் ஒரு சுற்று, அதுதான் இதுவரை. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில் பணம் கட்டினால் நம் காரையே ஓட்டலாம் என்கிறார்கள். அதற்கு முன் ரீமேப் செய்து (இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி பவரைக் கூட்டுவது), சஸ்பென்ஷன், சைலன்சர் இரண்டையும் மாற்றலாமா என்று யோசிக்கிறேன். கையில் இரண்டு லட்சம் இருக்கிறது. எதை முதலில் செய்வது? அடிபட்டால் இன்ஷூரன்ஸ் வருமா? காருக்கு இன்னும் மூன்று வருட இ.எம்.ஐ. பாக்கி. மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை. "மெதுவா ஓட்டுறதுன்னா எதுக்கு அங்க போகணும்? வேகமா ஓட்டுறதுன்னா எதுக்கு நம்ம கார்ல போகணும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– பெயர் வேண்டாம், மேடவாக்கம்

பதில்: உங்கள் கடிதத்தில் இருக்கும் கேள்விகளிலேயே நல்ல கேள்வி உங்கள் மனைவி கேட்டதுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த இரண்டு லட்சத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் நீங்கள் அதைச் செலவழிக்கத் துடிப்பது எழுத்திலேயே தெரிகிறது.

ரீமேப் வேண்டாம். சைலன்சர் வேண்டவே வேண்டாம். 2020-ல் இந்தியாவுக்கு மொத்தம் 200 வண்டிதான் இந்த மாடலில் வந்தது. 245 குதிரைத்திறன், கார்னரில் சக்கரம் வீணாகச் சுழலாமல் பவரைப் பங்கிட முன் சக்கரங்களுக்கு எலெக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் எல்லாம் போட்டே அனுப்பியிருக்கிறார்கள். ட்ராக்கில் முதல் நாள் போகிறவருக்கு அதில் பாதி போதும். உங்களுக்குக் குறைவது வேகம் இல்லை, அந்த வேகத்தை அடக்கும் சாமான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆளோடு சேர்த்து ஏறக்குறைய 1500 கிலோ வண்டி. நேர்பாதையின் முடிவில் 160-லிருந்து 80-க்கு இறக்குகிறீர்கள். அந்த நாலைந்து விநாடியில் பிரேக் விழுங்கும் சூட்டை ஒரு பாத்திரத்தில் பிடிக்க முடிந்தால், மூன்றரை லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரு டீக்கடை பாய்லர் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பங்கு முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குக்கும் போகிறது. ஆறுவதற்குள் அடுத்த கார்னர். இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீட்டர், 12 கார்னர். எல்லாவற்றிலும் இவ்வளவு அழுத்த வேண்டியதில்லை, ஆனால் ஒரு செஷனில் 15, 20 நிமிடம் விடாமல் சுற்றுவீர்கள். ஈ.சி.ஆரில் ஒரு முறை பலமாக பிரேக் அடித்தால் அடுத்த பத்து நிமிடம் அது ஆறிக்கொண்டு வரும். இங்கே அந்த அவகாசம் கிடையாது.

இப்போது ரீமேப் போட்டு, அதே இடத்துக்கு 160-க்குப் பதில் 176-ல் வருகிறீர்கள் என்று வையுங்கள். வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடியது. 80-க்கு இறக்கும்போது பிரேக்கில் ஏறும் சூடு கால் பங்குக்கு மேல் கூடிவிடும். குதிரையை வாங்கிவிட்டுக் கடிவாளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற கதை.

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்த ஞானம் இல்லை. பல வருடத்துக்கு முன் என் ஹேட்ச்பேக்கை ட்ராக்குக்குக் கொண்டுபோனேன். காலையில் இரண்டு செஷன் அமர்க்களமாகப் போனது. மதியம் மூன்றாவது செஷனில், நான்காவது சுற்று, நேர்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் ஈரச் சேற்றில் கால் வைத்த மாதிரி இறங்கிக்கொண்டே போனது. விட்டு விட்டு மிதித்ததில் மூன்றாவது மிதிக்கு லேசாகப் பிடித்தது. அதற்குள் தார் முடிந்து, புல் முடிந்து, மண்ணில் பக்கவாட்டில் நின்றிருந்தேன். வண்டிக்கும் எனக்கும் ஒரு கீறல் இல்லை. கால் நடுக்கம் நிற்கத்தான் நேரமானது. பிட்டில், அதாவது ட்ராக் ஓரம் வண்டிகளை நிறுத்தும் இடத்தில், பானெட்டைத் திறந்து பார்த்தால், பிரேக் ஆயில் டப்பாவில் இருந்தது கடுங்காப்பி நிறம். அதற்கு நாலு மாதம் முன்பு சர்வீஸ் பில்லில் 'பிரேக் ஆயில் மாற்றப்பட்டது' என்று டிக் போட்டுப் பணமும் வாங்கியிருந்தார்கள். அவர்களைத் திட்டித் தீர்த்தேன் என்றாலும், ட்ராக்குக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை அந்த மூடிப் பக்கம் எட்டிப் பார்க்காதது என் தப்புதான்.

என்ன நடந்தது என்றால், பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றைக் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த விதியே 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் லைனுக்குள் ஆவிக் குமிழ். ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவியை அமுக்கலாம். நீங்கள் மிதிப்பதெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும்.

ஆகவே முதல் செலவு: போகிற வாரத்தில் புது பிரேக் ஆயில். கொதிநிலை கூடுதலான டாட் 4 ரகங்களும் டாட் 5.1-ம் கடையில் கிடைக்கும். வெறும் டாட் 5 என்று போட்டிருப்பது சிலிகான், அதை உங்கள் வண்டியில் ஊற்றவே கூடாது. பக்கத்தில் நின்று நான்கு சக்கரத்தின் பிரேக் லைனிலிருந்தும் ஏர் எடுப்பதைப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். இரண்டாவது செலவு, முன் பிரேக் பேட். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதோடு போகாதீர்கள், சூடு நேரே ஆயிலுக்கு இறங்கும். மூன்றாவது, டயர். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2519 என்றிருந்தால் 2019-ம் வருடம் 25-வது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு மீதி என்று காட்டி விற்றவர் பெருமைப்பட்டிருப்பார். ரப்பருக்கு வயதாகிவிட்டால் பட்டன் இருந்து என்ன? வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால் நான்கையும் மாற்றுங்கள். உங்கள் பட்ஜெட்டில் பெரிய பங்கு அங்கேதான் போகும், போகட்டும்.

மீதி இருப்பதை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தருகிறவருக்குக் கொடுங்கள். சஸ்பென்ஷன் மாற்றினால் சுற்றுக்கு ஒரு விநாடி குறையலாம். கார்னருக்குள் கண்ணை எங்கே வைப்பது என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால் ஐந்து விநாடி குறையும். அந்தப் பாடம் அடுத்த காருக்கும் கூடவே வரும்.

இன்ஷூரன்ஸ். பாலிசியை எடுத்து 'பயன்பாட்டு வரம்பு' என்ற பத்தியைப் படியுங்கள். நம் நாட்டுத் தனியார் கார் பாலிசிகளில் வழக்கமாக ஒரே வாசகம்தான்: ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரயல் இதற்கெல்லாம் கவர் கிடையாது. ட்ராக் டே பந்தயம் இல்லை, டைமிங்கூட இல்லை என்று நீங்கள் வாதாடலாம். சர்வேயர் கேட்கமாட்டார். கேட்டில் நீங்களே ஒரு படிவத்தில், எது நடந்தாலும் என் பொறுப்பு என்று கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். 'நெடுஞ்சாலையில் இடித்தது என்று சொல்லிக்கலாம் சார்' என்று யாராவது காதோடு சொல்வார்கள். அது மோசடி, அந்தப் பக்கமே போகாதீர்கள். வண்டி இன்ஷூரன்ஸோடு நிறுத்தாமல், உங்கள் மெடிக்கல், டேர்ம், விபத்துப் பாலிசிகளில் சாகச விளையாட்டு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

வண்டி கம்பிச்சுவரில் உட்கார்ந்தால் காரும் போச்சு, மூன்று வருட இ.எம்.ஐ.யும் மாதா மாதம் வந்துகொண்டிருக்கும். இல்லாத காருக்குத் தவணை கட்டுவது எப்படியிருக்கும் என்பதை ஒரு ராத்திரி உட்கார்ந்து யோசியுங்கள்.

இங்கேதான் உங்கள் மனைவியின் கேள்வி. "வேகமா ஓட்டுறதுன்னா எதுக்கு நம்ம கார்ல போகணும்?" அவர் கேட்டது நியாயம்! நம் காரில் போகாதீர்கள், முதல் தடவை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. அவர்கள் வண்டி, அவர்கள் ஹெல்மெட், அவர்கள் ஆசிரியர். செட்டிபாளையம் ட்ராக்குக்குப் பெயர் கொடுத்த கரிவர்தன், ஃபார்முலா மாருதி என்ற சின்ன ரேஸ் காரை மாருதி இன்ஜினில் உருவாக்கியவர். பெரிய பணமில்லாத பையன்களும் ஓட்ட வேண்டும் என்றுதான் அந்த யோசனை. கோயம்புத்தூர்க்காரரான நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது அந்த ஊரில் பலருக்கு ஆச்சரியம் இல்லாததற்குக் காரணம் உண்டு.

"மெதுவா ஓட்டுறதுன்னா எதுக்கு அங்க போகணும்?" இதற்கு மட்டும் நான் அவரோடு உடன்படவில்லை. எதிரில் லாரி வராத, நாய் குறுக்கே ஓடாத, ஒரு மூலைக்கு ஒரு மார்ஷல் கொடியோடு நிற்கிற இடத்தில் எண்பதில் ஓட்டிக் கற்பது, ஈ.சி.ஆரில் நூற்றுநாற்பதில் போவதைவிட ஆயிரம் மடங்கு மேல். நீங்கள் ஞாயிறு காலையில் செய்வதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 189 என்று ஒரு பிரிவே இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை அல்லது 5000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். போலீஸ் பிடிப்பதைவிட, பால் வண்டிக்காரர் ஒருவர் வளைவில் திரும்பிக்கொண்டிருப்பார் என்பதுதான் என் கவலை. இந்த விஷயத்தில் நான் கறாராகவே சொல்வேன்: ட்ராக்குக்குப் போகிறீர்களோ இல்லையோ, ஈ.சி.ஆர். ஓட்டத்தை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள்.

அந்தக் காலத்தில் சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுபாதையில்தான் பந்தயம் நடக்கும். வைக்கோல் கட்டும் கயிறும்தான் பாதுகாப்பு. 1990-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் கட்டியதால்தான் நீங்களும் நானும் இந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது அதற்கு மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்று பெயர்.

பயிற்சி முடித்து, கடனும் ஓரளவு இறங்கி, அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் ஆர்.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு போங்கள். டிசம்பர், ஜனவரியில் போங்கள். சித்திரை வெயிலில் டர்போ வண்டியை வதைக்க வேண்டாம்.

முதல் நாள் இரவே காரைக் காலி செய்யுங்கள். குழந்தை சீட், தரை மேட், டிக்கியில் இருக்கும் குடை, டேஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டிய பிள்ளையார் உட்பட. பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், பறந்து வந்து மூக்கில் படாமல் இருந்தால் சரி. சீட்டுக்கு அடியில் உருண்டு கிடக்கும் தண்ணீர் பாட்டில் ஒன்று போதும், பிரேக் பெடலுக்கு அடியில் போய் நிற்க. கட்டி இழுக்கும் கொக்கி டூல் கிட்டில் இருக்கும், பம்பரில் மாட்டிப் பாருங்கள். அதன் மரை எதிர்ப்பக்கம் திரும்பும். மண்ணில் நிற்கும்போது அதைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். வீல் போல்ட்டுகளை டார்க் ரென்ச் வைத்து இறுக்குங்கள். ஹெல்மெட் என்ன தரத்தில் வேண்டும் என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேளுங்கள். சட்டை, பேன்ட் காட்டனில், முழுக்கை.

அங்கே போனதும் காலையில் நடக்கும் வகுப்பைத் தட்டிக்கழிக்காதீர்கள். எந்தக் கொடிக்கு என்ன அர்த்தம், எங்கே முந்தலாம், முன்னால் போகிறவர் கையைக் காட்டினால்தான் முந்த வேண்டுமா என்பதெல்லாம் அங்கேதான் சொல்வார்கள். வண்டி வழுக்கினால் தானே பிரேக் போட்டு நேராக்கும் இ.எஸ்.சி.யை அணைக்காதீர்கள். டைமர் ஆப்பைப் போனில் ஏற்றாதீர்கள். மூன்று சுற்று ஓட்டினால் நாலாவதைப் பிரேக்கே தொடாமல் ஆறவிட்டு ஓட்டுங்கள். பெடல் கொஞ்சம் நீளமாகப் போகிறது என்று கால் சொன்னால், அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று நினைக்காமல் உடனே பிட்டுக்கு வாருங்கள். வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். பார்க்கில் போட்டு டயருக்கு ஒரு கல் வையுங்கள்.

டயர் காற்று மறக்கக்கூடாத விஷயம். பெட்ரோல் மூடிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காலையில் பிடித்தால், ஒரு செஷனில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. ஏறிவிடும். டயர் பலூன் மாதிரி நின்று வழுக்கும். சூடாக இருக்கும்போதே கொஞ்சம் இறக்குங்கள். டயர் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது எதுவரை அழிந்திருக்கிறதோ அதுவரை டயர் மடிந்திருக்கிறது என்று அர்த்தம். பக்கவாட்டுச் சுவரில் ஏறி அழிந்திருந்தால் காற்று போதவில்லை.

உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வரச் சம்மதித்தால். ஓட்ட இல்லை, பார்க்க. இந்தப் பதிலில் இன்ஷூரன்ஸ் பத்தியை முதலில் அவருக்குப் படித்துக் காட்டுங்கள், மறைக்காமல்.

மாலையில் முடிந்ததும் உடனே ஹைவேயில் ஏறாதீர்கள். நாள் முழுக்க 150-ஐப் பார்த்த கண்ணுக்கு 100 என்பது ஊர்வது போல இருக்கும், வெளியே கன்டெய்னர் லாரிகளும் ஷிஃப்ட் முடிந்த கம்பெனி பஸ்களும் போய்க்கொண்டிருக்கும். அரை மணி உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். அதற்குள் டயரும் ஆறிவிடும். சூட்டில் இறக்கிய காற்று இப்போது குறைவாக இருக்கும், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் முதல் பங்க்கிலேயே நான்கு சக்கரத்துக்கும் பழைய அளவுக்குப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.